கனத்த கைப்பிடியும் கடற்கரைச் சாலையும்

நாகூரிலிருந்து கீழக்கரை செல்லப் புறப்படுகிறவர் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. கடல் எப்போதும் இடக்கைப் பக்கம் இருக்கும். பல இடங்களில் அது கண்ணுக்குப் புலப்படாவிட்டாலும், காற்றில் கலந்து வரும் உப்பு அதன் இருப்பைச் சொல்லிக்கொண்டே வரும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல், தொண்டி, தேவிபட்டினம், இராமநாதபுரம் என்று, மணிமாலையில் கோத்த மணிகளைப் போல் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட இவ்வழியில் மலையில்லை. கொண்டை ஊசி வளைவு இல்லை. நீண்ட நேர்ச்சாலை, இடையிடையே ஆற்றுப் பாலங்கள், ஊருக்குள் நுழையும்போது குறுகிய திருப்பங்கள், பக்கவாட்டில் வீசும் கடற்காற்று இவ்வளவுதான்.

இத்தகைய சாலை, தன்மேல் ஓடும் வண்டியின் குறைகளை ஒளிக்க விடாது. மேடு பள்ளம் நிறைந்த பாதையில் வண்டி ஆடினால் பாதையைக் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். சமதளத்தில், நேர்கோட்டில், நிதானமான வேகத்தில் ஆடினால் குறை வண்டியில்தான் இருக்கிறது. பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் நோயை அறிய இதைவிடப் பொருத்தமான பரிசோதனைக் கூடம் தமிழகத்தில் அரிது. சென்ற தை மாதத்தில் அந்தப் பரிசோதனையை உடனிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

மாமனார் விட்டுச் சென்ற வண்டி

என் மாமனார் மறைந்தபோது அவர் பிள்ளைகளுக்கு விட்டுச் சென்றவற்றுள் 1984ஆம் ஆண்டின் 350 சி.சி. புல்லட் ஒன்றும் இருந்தது. இவ்வண்டியின் பூர்வீகம் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரம். இந்திய இராணுவத்துக்காக வாங்கப்பட்டு, 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியபின் நம்மூர் வண்டியாயிற்று. திருவொற்றியூர் ஆலையில் முதலில் ரெட்டிச்சிலிருந்து வந்த உறுப்புகளைப் பூட்டித்தான் வண்டி செய்தார்கள். நாளடைவில் உறுப்புகள் யாவும் இங்கேயே உருவாகத் தொடங்கின. தாய் நிறுவனம் 1970இல் இங்கிலாந்தில் மூடப்பட்டது. சேய் இங்கே நிலைத்து, 1977இல் அந்த இங்கிலாந்துக்கே வண்டி அனுப்பத் தொடங்கியது. வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக், 160 கிலோவுக்கு மேற்பட்ட எடை, 19 அங்குலச் சக்கரங்கள் என்பவை அக்கால புல்லட்டின் அடையாளங்கள். நெடுந்தூரப் பயணத்துக்கென்றே பலர் இதை விரும்பி வாங்கினர்.

வண்டி இப்போது என் மைத்துனரிடம் இருக்கிறது. காலையில் மகளைப் பள்ளியில் விடுவதற்கும், தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதற்கும், கடைச் சரக்குக்கும் அவருக்கு அதுவே துணை. ஓராண்டாக அதன் ஹேண்டில்பார், அதாவது கைப்பிடி, வரவரக் கனத்துப் போயிற்று. தெருத் திருப்பத்தில் மாவு பிசைவது போல் தோள்கொடுத்துத் திருப்ப வேண்டியிருந்தது. ஒருநாள் நாகூர்ச் சந்தொன்றில் திரும்ப முயன்றபோது வண்டி சாய்ந்து, பின்னால் இருந்த குழந்தையின் முழங்கை சிராய்ந்தது. பெரிய காயமில்லை, ஆயினும் அன்றிலிருந்து அவர் மனைவி, "இனிப் பிள்ளையை இதில் ஏற்றாதீர்கள்" என்று சொல்லிவிட்டார். பழைய இரும்பு வாங்குகிறவர் ஒருவரும் வந்து விலை பேசிவிட்டுப் போயிருந்தார்.

மைத்துனர் வைத்தியம் பார்க்காமல் இல்லை. ஒரு பட்டறையில் முன் டயரை மாற்றினார்கள். இன்னொரு பட்டறையில் பின் ஷாக் அப்சர்பர் இரண்டையும் மாற்றினார்கள். கை நிறையச் செலவாகியும் கைப்பிடியின் கனம் குறையவில்லை. கடைசியாக ஒருவர், "பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும்" என்று தீர்ப்புச் சொல்லி அனுப்பிவிட்டார்.

கீழக்கரையில் உறவினர் வீட்டு நிக்காஹ் வந்தது. "மச்சான், இதுதான் வண்டிக்குக் கடைசிப் பயணம். போய் வந்ததும் கொடுத்துவிடப் போகிறேன்" என்றார் மைத்துனர்.

"கொடுப்பதென்றால் கொடுங்கள், தம்பி. ஆனால் என்ன நோய் என்று தெரிந்துகொண்டு கொடுங்கள். 'பழசு' என்பது நோயின் பெயர் அன்று" என்றேன் நான்.

எப்போது, எங்கே, எந்தப் பக்கம்?

சுபுஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். மைத்துனர் ஓட்ட, நான் பின்னிருக்கை. எங்களுக்குப் பின்னால் கேரியரில், நிக்காஹ் வீட்டுக்கான தம்ரூட் பெட்டி கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. என் சட்டைப் பையில் சிறிய குறிப்பேடு ஒன்றிருந்தது. வகுப்பறையில் பிள்ளை ஒருவன் "பாடம் புரியவில்லை" என்றால், எந்த வரி, எந்தச் சொல் என்று கேட்ட பிறகுதான் மேலே செல்ல முடியும். வண்டிக்கும் அதே முறைதான். "ஓட்டக் கடினமாக இருக்கிறது" என்பது முறையீடு. அதைக் கேள்விகளால் பிரித்தால்தான் நோயின் அடையாளம் தெரியும்.

நாகப்பட்டினத்தைக் கடந்து வேளாங்கண்ணிச் சாலையில் சென்றபோதே மைத்துனர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன். ஒன்று: நின்ற இடத்திலும் மெதுவாகச் செல்லும்போதும் கைப்பிடி மிகக் கனக்கிறது. இரண்டு: 40 கிலோமீட்டர் வேகத்தில் நேர்ச்சாலையில்கூட வண்டி ஒரு கோட்டில் நிற்காமல் மெல்ல இடமும் வலமும் அலைகிறது. மூன்று: கைப்பிடி நடுவில் வரும்போது ஒரு பள்ளத்தில் விழுந்து உட்கார்வது போல் இருக்கிறது, அதிலிருந்து எடுக்கத் தனி அழுத்தம் தேவை. நான்கு: ஓயாமல் இடப்பக்கம் சற்று இழுக்கிறது. ஐந்து: பாலத்து வளைவுகளில் பின்பாகம் ஒரு கணம் தாமதித்துத் திரும்புவது போல் தோன்றுகிறது.

இவற்றுள் நான்காவது குறையைக் காற்றின்மேல் சுமத்த மைத்துனர் எண்ணினார். ஆனால் அன்று காற்று கடலிலிருந்து, அதாவது எங்கள் இடப்பக்கத்திலிருந்து வீசிக்கொண்டிருந்தது. காற்று தள்ளினால் வலப்பக்கம் அன்றோ தள்ள வேண்டும்? வண்டியோ காற்றை எதிர்த்து இடப்பக்கம் போயிற்று. எனவே குற்றவாளி காற்றன்று என்பது உறுதியாயிற்று.

காசில்லாத வைத்தியம் முதலில்

திருத்துறைப்பூண்டி பெட்ரோல் நிலையத்தில் முதல் சோதனை நடந்தது. முன் டயரில் காற்றின் அளவு பார்க்கச் சொன்னேன். 20 பவுண்டை ஒட்டி இருக்க வேண்டிய இடத்தில் 11தான் இருந்தது. டயர் புதியதுதான், பார்வைக்குத் தடித்தும் இருந்தது. காற்று குறைந்த டயர் தரையில் அகலமாகப் படிந்து பற்றிக்கொள்கிறது. அதைத் திருப்ப அதிக வலிமை வேண்டும். புதிய டயர் வாங்கக் கொடுத்த காசு, காற்றுப் பார்க்காததால் பாதி வீணாகிப் போயிருந்தது.

அடுத்து பெட்டியைக் கவனித்தோம். பின் சக்கர அச்சுக்கும் பின்னால் உயரத்தில் கட்டிய சுமை, ஏற்றப்பலகையின் ஒரு முனையில் ஏறி அமர்ந்த பிள்ளையைப் போல மறுமுனையை, அதாவது முன் சக்கரத்தை, மேலே தூக்குகிறது. முன் சக்கரத்தின் மேல் எடை குறைந்தால் அதன் பிடிப்பு குறைந்து வண்டி அலையும். பெட்டியை அவிழ்த்து எங்கள் இருவருக்கும் இடையில் தாழ்வாக வைத்துக் கட்டினோம்.

இவ்விரண்டுக்கும் ஒரு காசும் செலவாகவில்லை. முத்துப்பேட்டை போய்ச் சேர்வதற்குள் மைத்துனர், "கால்வாசி குறைந்த மாதிரி இருக்கிறது மச்சான்" என்றார். முக்கால்வாசி எஞ்சி நின்றது என்பதும் அதன் பொருளே. மெதுவான திருப்பங்களில் கனம் சற்றுத் தணிந்தது. ஆனால் நடுவில் விழுந்து உட்காரும் குணமும், இடப்பக்க இழுப்பும் அப்படியே இருந்தன.

முத்துப்பேட்டையில் தேநீருக்காக நின்றோம். இவ்வூரின் தெற்கே, படகில் மட்டுமே சென்று காணத்தக்க அலையாத்திக் காடு விரிந்து கிடக்கிறது. உப்புநீரிலேயே வேரூன்றி, அந்த வேர்களாலேயே கரையைக் காக்கும் காடு அது. 2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், இந்த வட்டாரத்தின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. தலைமுறைகளாக வளர்த்த மரங்களை ஓரிரவில் இழந்த குடும்பங்கள் இச்சாலையின் இருபுறமும் உள்ளன. விழுந்த தோப்புகளின் இடத்தில் நட்ட கன்றுகள் இப்போது ஆளுயரம் கடந்து நிற்பதைக் காண மனத்துக்கு ஆறுதலாக இருந்தது.

அதிராம்பட்டினத்துப் பெரியவர்

உப்பளங்கள் வெள்ளைப் பாய் விரித்தாற்போலத் தோன்றத் தொடங்கினால் அதிராம்பட்டினம் நெருங்கிவிட்டது என்று பொருள். அங்கே புல்லட் வண்டிகளோடு ஆயுளைக் கழித்த முதியவர் ஒருவரின் பட்டறை இருப்பதாக உறவினர் சொல்லியிருந்தார். இளைஞர்கள் அவரைக் "காக்கா" என்று அழைத்தனர். ஸலாம் சொல்லி விவரம் கூறினோம். அவர் உடனே ஸ்பேனரை எடுக்கவில்லை. முக்காலியில் அமர்ந்து கேள்விகள் கேட்கத் தொடங்கினார்.

"நிற்கும்போது கனமா, ஓடும்போது கனமா? பிரேக் பிடித்தால் கழுத்தில் டக்கென்று தட்டுகிறதா? வேகம் குறையும்போது கையைத் தளர்த்தினால் நடுங்குகிறதா? முதலில் நடுக்கம் வந்ததா, கனம் வந்ததா? கடைசியாக யார், எதைக் கழற்றினார்கள்?"

இறுதி இரண்டு கேள்விகளையும் அதுவரை எவரும் கேட்டதில்லை. மைத்துனர் யோசித்துச் சொன்னார்: சுமார் ஒன்றரை ஆண்டுக்கு முன் வண்டி வேகம் குறையும்போது கைப்பிடி நடுங்கியது, ஒரு பட்டறையில் 'டைட்' செய்து கொடுத்தார்கள், நடுக்கம் நின்றது, அதன்பின் சிறிது சிறிதாகக் கனம் வந்தது. பெரியவர் தலையசைத்தார். "அப்படியானால் இரண்டும் வேறு வேறு நோய் இல்லை, தம்பி. ஒன்றின் மருந்துதான் மற்றொன்று" என்றார்.

பிறகு கை வேலை செய்தது. வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்தினார்கள். ஸ்டாண்டில் பின் சக்கரம்தான் தூக்கும்; ஆகவே எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து முன் சக்கரத்தையும் தரையிலிருந்து விடுவித்தார்கள். பழைய புல்லட்டில் கைப்பிடியின் நடுவே ஒரு திருகு குமிழ் உண்டு. பக்கப்பெட்டி பூட்டி ஓட்டிய காலத்தில், கைப்பிடி நடுங்காமல் இறுக்கி வைப்பதற்காக வந்தது அது. அந்தக் குமிழ் பாதிக்கு மேல் முறுக்கப்பட்டிருந்தது! பெரியவர் அதை முழுவதும் தளர்த்தினார். கனத்தில் ஒரு பங்கு அப்போதே இறங்கிற்று.

அடுத்து கைப்பிடியை இடமும் வலமும் கடைசி வரை திருப்பிக் கேபிள்களைப் பார்த்தார். புதிதாக மாற்றிய கிளட்ச் கேபிள், விளக்குக் கூட்டின் பின்னால் இறுக்கமாக வளைத்துச் செருகப்பட்டிருந்தது. வலப்பக்கம் திருப்பும்போதெல்லாம் அது கயிறு போல் இழுத்துப் பிடித்தது. அதை விடுவித்துச் சரியான வழியில் விட்டார். "எஞ்சின் ஓடும்போது கைப்பிடியைத் திருப்பிப் பாருங்கள். திருப்பத் திருப்ப எஞ்சின் சத்தம் கூடினால், ஆக்சிலேட்டர் கேபிளும் இழுபடுகிறது என்று அர்த்தம். அது உயிருக்கு ஆபத்து" என்று எங்களுக்கு விளக்கினார்.

பிறகு முக்கியமான சோதனை நடந்தது. தரை படாத முன் சக்கரத்தை நேராக வைத்து, ஒரு விரலால் கைப்பிடியை மெல்லத் தொட்டார். நலமான வண்டியில் அது தன் எடையாலேயே ஒரு பக்கம் விழ வேண்டும். இது விழவில்லை, நடுவிலேயே குழியில் உட்கார்ந்தது போல் நின்றது. ஃபோர்க்கின் கீழ்முனைகளைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தார், கழுத்தில் ஆட்டமில்லை. "ஆட்டமில்லை, ஆனால் சுழற்சியும் இல்லை. இறுக்கிக் கொன்றிருக்கிறார்கள்" என்றார்.

கழற்றினார்கள். வண்டியின் கழுத்தில் மேலும் கீழும் இரண்டு கிண்ணங்கள். அவற்றில் கால் அங்குல எஃகுக் குண்டுகள் வரிசையாக அமர்ந்து சுழல்கின்றன. பட்டறை மொழியில் இதைக் 'கோன்செட்' என்கிறார்கள். மேலே 19, கீழே 19 குண்டுகள் இருக்க வேண்டும். கீழ்க் கிண்ணத்தில் எண்ணிப் பார்த்தபோது 17தான் தேறின. கிரீஸ் காய்ந்து கருத்த மண்ணாகியிருந்தது. கிண்ணத்தைத் துடைத்துப் பெரியவர் என் விரலை எடுத்து அதன்மேல் தடவச் செய்தார். வழவழப்பாக இருக்க வேண்டிய தடத்தில், குண்டுகள் பதிந்த சிறு சிறு குழிகள் வரிசையாக விரலுக்குத் தட்டுப்பட்டன. நேர்ச்சாலையில் ஓடும்போது குண்டுகள் எப்போதும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கின்றன. ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் அங்கேயே விழுகிறது. அதனால் குழி விழுவதும் அங்கேயே. நடுவில் விழுந்து உட்காரும் அந்தக் குணத்தின் இரகசியம் இதுதான்.

இப்போது கதை முழுவதும் விளங்கிற்று. கிண்ணம் தேய்ந்து ஆட்டம் கண்டபோது நடுக்கம் வந்தது. தேய்ந்ததை மாற்றுவதற்குப் பதிலாக மேல் நட்டை இறுக்கினார்கள். அது போதாதென்று குமிழையும் முறுக்கினார்கள். நடுக்கம் மறைந்தது, கனம் பிறந்தது. நோயை மறைப்பதற்குக் கொடுத்த மருந்தே புதிய நோயாயிற்று.

நேராகச் செல்வது எப்படி?

கனம் சரி, அலைச்சல் ஏன் வந்தது என்று கேட்டேன். பெரியவரின் விடை இன்னும் நினைவில் நிற்கிறது. இருசக்கர வண்டி நேராகச் செல்கிறது என்றால் அது அசையாமல் செல்கிறது என்று பொருளில்லை. ஒவ்வொரு கணமும் அது சிறிது சாய்கிறது. சாயும் பக்கம் முன் சக்கரம் தானாகவே சிறிது திரும்பி வண்டியை நிமிர்த்துகிறது. மருத்துவமனைத் தள்ளுவண்டியின் சிறு சக்கரங்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சுழலும் அச்சுக்குச் சற்றுப் பின்னால் சக்கரம் தரையைத் தொடுவதால், தள்ளும் திசைக்கு அது தானே திரும்பிக்கொள்கிறது. மோட்டார் சைக்கிளிலும் சாய்வான கழுத்தின் கோட்டைத் தரை வரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடம் அதற்குப் பின்னால்தான் இருக்கும். இந்த இடைவெளிதான் வண்டிக்குத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் ஆற்றலைத் தருகிறது. கழுத்தை இறுக்கிவிட்டால் அந்தத் திருத்தம் நின்றுபோகிறது. ஓட்டுகிறவர் கையால் திருத்த வேண்டியதாகிறது. கை தாமதமாகத் திருத்தும், மிகுதியாகவும் திருத்தும். வண்டி அலைகிறது.

புதிய கிண்ணங்களும், எண்ணி வைத்த 38 புதிய குண்டுகளும், தாராளமாக கிரீஸும் போட்டுப் பூட்டினார்கள். மேல் நட்டை இறுக்குவதில்தான் கைத்திறன். ஆட்டம் மறையும் வரை இறுக்கி, விரல் தொட்டால் கைப்பிடி தானே விழும் வரை தளர்த்தி, இரண்டும் ஒருங்கே பொருந்தும் ஓரிடத்தில் நிறுத்தினார். "புதுக் கிண்ணம் உட்கார்ந்து சிறிது தளரும், சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி பாருங்கள்" என்றார்.

இடப்பக்க இழுப்பு எஞ்சியிருந்தது. பின் சக்கரத்தின் செயினைச் சரிசெய்ய இருபுறமும் நத்தை வடிவிலான தகடுகள் உள்ளன. அவற்றில் பல் பல்லாக வெட்டு இருக்கும். இருபுறமும் ஒரே பல்லில் நிற்க வேண்டும். இதில் வலப்பக்கம் இரண்டு பல் கூடுதலாகப் பின்னே தள்ளியிருந்தது. நூல் ஒன்றைப் பின் டயரை ஒட்டி முன் டயர் வரை இழுத்துப் பிடித்துக் காட்டினார். சக்கரம் கோணலாக நின்றது கண்ணுக்கே தெரிந்தது. பல்லைச் சமன் செய்து, நூல் வைத்து மறுபடியும் பார்த்தார்கள்.

கடைசியாகப் பின் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தார். சிறிய ஆட்டம் இருந்தது. அது சக்கர பேரிங்கின் ஆட்டமா, சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் ஆட்டமா என்று அறிய, உதவியாளனை ஆர்ம் பூட்டிய இடத்தில் விரல் வைக்கச் சொன்னார். அங்கேதான் ஆட்டம் தெரிந்தது. வளைவில் பின்பாகம் தாமதிப்பதன் காரணம், தேய்ந்த அந்த புஷ்தான். தம்மிடம் அன்று அந்த புஷ் இல்லை என்று அவர் ஒளிக்காமல் சொன்னார்: "இது இன்றைக்கே விழுகிற அளவுக்கு இல்லை. 50க்கு மேல் போகாதீர்கள், வளைவில் நிதானம். ஆனால் இதை மாற்றாமல் பிள்ளையை ஏற்ற வேண்டாம்."

மைத்துனர் தயங்கியபடி கேட்டார்: "காக்கா, வண்டியை வைத்துக்கொள்ளலாமா, கொடுத்துவிடலாமா?"

பெரியவர் ஃபோர்க் குழாய்களைத் துடைத்து நேராக இருக்கின்றனவா என்று பார்த்தார். விளக்கைப் பிடித்து, சட்டத்தின் கழுத்துப் பற்றவைப்புகளில் மயிரிழை விரிசல் உண்டா என்று ஒவ்வொன்றாக நோக்கினார். "கழுத்தில் விரிசல் இருந்தால் இந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போகச் சொல்லியிருப்பேன். விரிசல் இல்லை. தேய்ந்ததெல்லாம் மாற்றக்கூடிய சாமான். முடிவு உங்களுடையது" என்றார்.

கூலியும் சாமானும் சேர்த்து அவர் கேட்ட தொகை, முன்பு டயருக்கும் ஷாக்குக்கும் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

காற்றும் கடலும்

அதிராம்பட்டினத்துக்குத் தெற்கே மல்லிப்பட்டினம். அதன் அருகே கடலோரத்தில் மனோரா நிற்கிறது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, நெப்போலியனின் வீழ்ச்சியை நினைவுகூர 1814–15ஆம் ஆண்டுகளில் எழுப்பிய அறுகோண வடிவக் கோபுரம் அது. எட்டு அடுக்குகள் கொண்டது. நாகூரில் நாம் மனாரா என்று வழங்கும் சொல்லும் அந்தக் கோபுரத்தின் பெயரும் ஒன்றே. எங்கோ ஐரோப்பாவில் நடந்த போரின் நினைவு, அரபுச் சொல் ஒன்றைத் தாங்கிக்கொண்டு சோழமண்டலக் கரையில் நிற்பதை எண்ணியபடி நின்றேன். மைத்துனர் மனோராவைப் பார்க்கவில்லை. வண்டியின் கைப்பிடியை ஒரு விரலால் இடமும் வலமும் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மணமேல்குடியைத் தாண்டியபின் காற்று வலுத்தது. கோட்டைப்பட்டினத்தின் மீன்பிடித் துறையிலிருந்து வந்த கருவாட்டு மணம் வழியெங்கும் துணை வந்தது. நாங்கள் காற்றின் பக்கம் சற்றே சாய்ந்தபடி சென்றோம். காற்று தணிந்த இடத்தில் வண்டி தானே நிமிர்ந்தது. இது நோயன்று, இயல்பு. காற்று வீசும்போது மட்டும் வருவதும், அதன் திசைக்கேற்ப மாறுவதும் காற்றின் வேலை. காற்றில்லாதபோதும் ஒரே பக்கம் இழுப்பது வண்டியின் குறை. காலையில் ஓயாமல் கைப்பிடியோடு மல்லாடிய மைத்துனரின் தோள்கள் இப்போது தளர்ந்து இயல்பாக இருந்ததைப் பின்னாலிருந்தே கண்டேன். பாலத்து வளைவுகளில் மட்டும் அவர் வேகத்தைக் குறைத்தார். அந்த ஐந்தாவது குறை இன்னும் எங்களோடு வந்துகொண்டிருந்தது.

மீமிசல் கடந்து, பழம்பெரும் துறைமுகமான தொண்டி, நவக்கிரகக் கற்கள் கடல்நீரில் நிற்கும் தேவிபட்டினம், பின்னர் இராமநாதபுரம். அங்கிருந்து மீண்டும் தெற்கே திரும்பினால், சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதியின் கீழக்கரை. மாலை மங்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம்.

அன்றிரவு மைத்துனரின் மனைவி தொலைபேசியில் அழைத்தார். வண்டியின் நலத்தை விசாரிக்கவில்லை, ஒரே கேள்விதான் கேட்டார்: "இனிப் பிள்ளையை உட்கார வைக்கலாமா?"

மைத்துனர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "இப்போது வேண்டாம். இன்னும் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. அது முடிந்ததும் சொல்கிறேன்" என்றார். நிக்காஹ் முடிந்த மறுநாள், இராமநாதபுரத்தில் ஸ்விங் ஆர்ம் புஷ் மாற்றிய பிறகே நாகூருக்குத் திரும்பினோம். இரும்பு வியாபாரி இன்னும் ஒருமுறை வந்து கேட்டுவிட்டுப் போனார். வண்டி வீட்டு முற்றத்தில்தான் நிற்கிறது.

வாசகர் வீட்டு வண்டிக்கு

நம் வீடுகளில் தந்தையரின் வண்டிகள் இன்னும் பல ஓடிக்கொண்டிருக்கின்றன. கைப்பிடி கனத்தால் எளிதிலிருந்து தொடங்கி இந்த வரிசையில் பாருங்கள்: டயர்க் காற்று, சுமை கட்டிய இடம், கேபிள்கள் இழுபடுகின்றனவா என்பது, பழைய வண்டியானால் திருகு குமிழ், அதன்பின் கழுத்துக் கோன்செட், பின் சக்கரத்தின் நேர், ஸ்விங் ஆர்ம் ஆட்டம். முதல் நான்கையும் வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். கனமும் நடுவில் குழி விழுவதும் கோன்செட்டின் இறுக்கத்தையும் தேய்வையும் சொல்லும். பிரேக் பிடிக்கையில் கழுத்தில் தட்டுவது அதன் தளர்ச்சியைச் சொல்லும். வளைவில் பின்பாகம் தாமதிப்பது ஸ்விங் ஆர்மைச் சொல்லும். ஓடும்போது திடீரென நடுங்கினால் பிரேக்கை அழுத்திப் பிடிக்காமல், கைப்பிடியைப் பதறாமல் பற்றி, ஆக்சிலேட்டரை மெல்லக் குறையுங்கள். நின்றபின் தள்ளிக்கொண்டு போங்கள். நடுங்கிய வண்டியில் மீண்டும் ஏறாதீர்கள்.

பட்டறைக்குச் சென்றால், எந்த உறுப்பை மாற்ற வேண்டும் என்று நீங்கள் சொல்லாதீர்கள். எப்போது, எந்த வேகத்தில், எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். கேள்வி கேட்காமல் ஸ்பேனரை எடுப்பவரிடம் சற்று எச்சரிக்கையாக இருங்கள். கழற்றிய பழைய சாமானைக் கையில் வாங்கிப் பாருங்கள். விரலால் தடவிப் பாருங்கள்.

எல்லாம் பார்த்த பிறகும், சட்டத்தில் விரிசலோ வளைந்த ஃபோர்க்கோ இருப்பதாகத் தெரிந்தால், நினைவுக்காக அந்த வண்டியை வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். அப்படி ஒன்றும் இல்லையென்றால், வயதைக் காரணம் காட்டி அதைக் கைவிடுவதற்கு முன்பு, கழுத்தில் எத்தனை குண்டுகள் இருக்கின்றன என்று ஒருமுறை எண்ணிப் பார்த்துவிடுங்கள்.